மாமரத்தடியில் ஒரு சிறு நிழல் தோட்டம்: வீட்டில் இருக்கும் செடிகளைப் பெயர்த்து நட்டு அமைக்கும் முறை

எங்கள் வீட்டின் வடபுறத்தில், சமையலறைச் சுவருக்கும் மதிலுக்கும் நடுவே, 12 அடி நீளமும் 6 அடி அகலமும் கொண்ட ஒரு துண்டு நிலம் பல ஆண்டுகளாகச் சும்மாவே கிடந்தது. அதன் மேற்கு முனையில் நிற்கும் மாமரம் உதிர்க்கும் சருகையும், வீடு கட்டியபோது மிஞ்சிய ஓட்டுச் சில்லுகளையும் தவிர அங்கே வேறு எதுவும் இல்லை. ரோஜா வைத்துப் பார்த்தோம், கத்தரி வைத்துப் பார்த்தோம்; இரண்டும் ஒல்லியாக நெடுத்து வளர்ந்து, பூக்காமலும் காய்க்காமலும் பட்டுப்போயின. அதே சமயத்தில் வீட்டின் முன்புறத்தில், நாள் முழுவதும் வெயில் காயும் இடத்தில், பெரணியும் சேம்பும் ஸ்பைடர் பிளான்ட்டும் நுனி கருகி நின்றுகொண்டிருந்தன. வெயில் வேண்டிய செடி நிழலிலும் நிழல் வேண்டிய செடி வெயிலிலும் இருந்ததுதான் சிக்கல் என்பது புரிய எங்களுக்கு நெடுநாள் ஆயிற்று. ஒரு செடிகூட விலை கொடுத்து வாங்காமல், வீட்டில் இருந்தவற்றையே பெயர்த்து நட்டு அந்த இடத்தை நிழல் தோட்டமாக்கிய முறையை, நான் செய்த தவறுகளையும் சேர்த்து இங்கே விரிவாக எழுதுகிறேன். எங்கள் ஊர் மயிலாடுதுறைப் பக்கம். காவிரிப் படுகையின் களி கலந்த வண்டல் மண். செம்மண்ணோ மணலோ உள்ளவர்கள் எதை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதையும் உரிய இடத்தில் சொல்கிறேன்.

முதலில் நிழலை அளக்க வேண்டும்

இந்த வேலையை நான் முதன்முதலில் தொடங்கியது ஒரு மாசி மாதத்தில். வடபுறம் என்றால் வெயிலே வராது என்று நம்பி, சமையலறைச் சுவரை ஒட்டி ஏழு பெரணிகளை வரிசையாக நட்டேன். பங்குனி வரை அவை பசுமையாகவே இருந்தன. சித்திரை பிறந்து மூன்று வாரம் ஆவதற்குள் இலைகள் எல்லாம் பொரித்த அப்பளம்போல் மொரமொரத்து, விரல் பட்டாலே நொறுங்கத் தொடங்கின. தண்ணீர் போதவில்லை என்று எண்ணி மேலும் மேலும் ஊற்றினேன். அதில் வேரும் அழுகிப்போனது. ஏழில் ஒன்றுகூடத் தப்பவில்லை.

காரணம் தண்ணீரில் இல்லை, சூரியன் போகும் பாதையில் இருந்தது. தமிழ்நாடு முழுவதும் கடக ரேகைக்குத் தெற்கே இருப்பதால், ஆண்டில் இரண்டு நாள் உச்சிவேளைச் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருகிறது. சென்னையில் அது ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும் நிகழும். கன்னியாகுமரியில் ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும் நிகழும். எங்கள் ஊருக்கு ஏறத்தாழ ஏப்ரல் 19, ஆகஸ்ட் 24. இந்த இரண்டு நாட்களுக்கும் இடைப்பட்ட நான்கு மாதங்களில் உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. ஆகவே மற்ற மாதங்களில் வீட்டின் நிழல் விழும் அதே வடபுறம், கத்திரி வெயில் அடிக்கும் காலத்தில் திறந்தவெளியாகிவிடுகிறது. எங்கள் ஊரில் 10 அடி உயரச் சுவர் ஒன்று மார்கழி நண்பகலில் வடக்கு நோக்கி ஏறக்குறைய 7 அடி நிழல் தரும். ஆனி மாதத்தில் அதே சுவரின் நண்பகல் நிழல் தெற்குப் பக்கத்தில் 2 அடிதான் விழும், வடக்கே துளியும் இராது. குளிர்நாடுகளில் எழுதப்பட்ட தோட்டக் குறிப்புகள் வடபுறத்தை எப்போதும் நிழல் என்றே சொல்லும். அந்த ஊர்களுக்கு அது சரி, நமக்குப் பொருந்தாது.

எனவே மண்வெட்டியைத் தொடுவதற்கு முன்னால், இடத்தின் நிழலை இரண்டு பருவத்தில் பார்த்துவிட வேண்டும். காலை 8 மணி, 10 மணி, நண்பகல், பிற்பகல் 2 மணி, மாலை 4 மணி ஆகிய ஐந்து வேளைகளில் நிழலின் ஓரம் எங்கே விழுகிறதோ அங்கே கோலமாவால் ஒரு கோடு இழுத்து, ஒரு தாளிலும் குறித்துக்கொள்ளுங்கள். மார்கழியில் ஒரு நாளும் வைகாசியில் ஒரு நாளும் இதைச் செய்தால் போதும். அவ்வளவு காலம் காத்திருக்க இயலாதவர்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்: கோடையில் சுவர் தரும் நிழலை நம்பக் கூடாது, மரம் தரும் நிழலையே நம்ப வேண்டும். எங்கள் துண்டு நிலத்தில் மாமரக் கிளைகள் கவிந்திருக்கும் மேற்குப் பாதிதான் ஆண்டு முழுவதும் உண்மையான நிழல். கிழக்குப் பாதி மார்கழியில் நிழல், வைகாசியில் வெயில். இந்த ஒரு வேறுபாட்டை வைத்தே எந்தச் செடி எங்கே என்பதைப் பின்னால் முடிவு செய்தோம்.

மற்றத் திசைகளைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிழக்குப் புறத்தில் இளவெயில் மட்டும் பட்டு உச்சிக்குப் பிறகு நிழல் வந்துவிடும் என்பதால், புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. மேற்குப் புறம் சுவரும் தரையும் சூடேறிய பிறகு வெயில் வாங்கும் இடம். மரம் இல்லாமல் அங்கே நிழல் தோட்டம் போட வேண்டாம். எந்த மரத்தின் நிழல் என்பதும் முக்கியம். மாமரம் ஆண்டு முழுவதும் இலையோடு இருக்கும். வேம்பு மாசி, பங்குனியில் இலையைக் கொட்டிவிட்டுத் துளிர்ப்பதால், வெயில் ஏறும் வேளையில் சில வாரம் நிழல் மெலிந்துவிடும். முருங்கையின் நிழல் சல்லடை நிழல். மென்மையான செடிகளுக்கு அது போதாது.

எந்தச் செடியை அழைத்து வரலாம்

ஒரு நோட்டும் பென்சிலுமாக வீட்டைச் சுற்றி ஒரு முறை நடந்து வாருங்கள். கிணற்றடி, தண்ணீர்த் தொட்டியின் ஓரம், மாடிப் படியின் அடி, துவைக்கும் கல்லின் பக்கம் ஆகிய இடங்களில் யாரும் நடாமலே வளர்ந்திருக்கும் செடிகளைப் பார்த்தாலே நிழலில் எது வாழும் என்பது தெரிந்துவிடும். எங்கள் கிணற்றுச் சுவரின் வெடிப்பில் பெரணி தானாக முளைத்திருந்தது. துவைகல் வாய்க்காலில் சேம்பு காடாகிக் கிடந்தது. முன்வாசல் தொட்டிகளில் ஸ்பைடர் பிளான்ட்டும் மருளும் (ஸ்நேக் பிளான்ட்) வேர் விடுவதற்கு இடமில்லாமல் தொட்டியையே விரிசல் விடச் செய்திருந்தன. இவற்றோடு வல்லாரை, மஞ்சள், கற்பூரவல்லி, வெற்றிலைக்கொடி, அக்லோனிமா, நந்தியாவட்டை என்று எண்ணிப் பார்த்தபோது, 72 சதுர அடிக்கு வேண்டியதைவிட அதிகமாகவே கையில் இருந்தது.

எதைக் கொண்டுவரக் கூடாது என்பதில் கண்டிப்பாக இருக்க வேண்டும். துளசி, மல்லிகை, செம்பருத்தி, ரோஜா, கறிவேப்பிலை ஆகியவை வெயில் குடித்து வாழ்பவை. அவற்றை நிழலில் வைத்தால் உடனே சாகாது. பூவும் மணமும் குறைந்து மெலிந்துகொண்டே போகும், அதைப் பார்ப்பது இன்னும் வருத்தம். குரோட்டன்ஸ் நிழலில் உயிரோடு இருக்கும், ஆனால் அதன் சிவப்பும் மஞ்சளும் மங்கி வெறும் பச்சையாகிவிடும். அதன் நிறத்துக்காக வளர்ப்பவர்கள் இருந்த இடத்திலேயே விட்டுவிடுவது நல்லது. மணி பிளான்ட்டை மண்ணில் இறக்க வேண்டாம் என்பது என் திடமான கருத்து. மாமரத்தைப் பற்றிக்கொண்டு ஏறினால் இலை கைவிசிறி அளவுக்குப் பெருத்து, மரத்தையும் மறைத்து, கீழே இருக்கும் செடிகளையும் மூடிவிடும். அது தொட்டியிலேயே இருக்கட்டும்.

சிறு குழந்தைகளோ நாயோ பூனையோ உள்ள வீட்டில் இன்னொரு கவனமும் தேவை. சேம்பு, அக்லோனிமா, டிஃபன்பேக்கியா ஆகியவற்றின் சாற்றில் ஊசிபோன்ற நுண்ணிய படிகங்கள் இருப்பதால், பச்சையாகக் கடித்தால் வாயும் நாக்கும் அரித்து வீங்கும். இவற்றைக் கை எட்டாத பின்வரிசையில் வைக்க வேண்டும்.

எப்போது பெயர்க்கலாம்

எங்கள் பகுதிக்குப் புரட்டாசி மாதம், அதாவது செப்டம்பர் நடுப்பகுதிக்கும் அக்டோபர் நடுப்பகுதிக்கும் இடைப்பட்ட காலம், மிகவும் ஏற்றது. சூரியன் தெற்கே நகரத் தொடங்கியிருக்கும். வீட்டு நிழல் ஒவ்வொரு வாரமும் வடக்கே நீண்டுகொண்டே வரும். ஐப்பசி அடைமழை பிடிப்பதற்குள் செடி வேர் ஊன்றிக்கொள்ள மூன்று, நான்கு வாரம் கிடைக்கும். அடைமழைக்கு நடுவில் நட்டால், களிமண்ணில் நீர் நின்று அறுபட்ட வேர் ஆறுவதற்குள் அழுகிவிடும். கோவை, நீலகிரி அடிவாரம், குமரி போன்ற தென்மேற்குப் பருவமழை கிடைக்கும் இடங்களில் ஆடி மாதத்திலும் நடலாம். கத்திரி வெயிலில் எதையும் பெயர்க்கக் கூடாது. மாசியில் நடுபவர்களுக்கு என் ஏழு பெரணிகளின் கதையே போதும்.

மஞ்சளும் இஞ்சியும் இந்தக் கணக்கில் சேராது. தை, மாசியில் இலை காய்ந்து படுத்த பிறகு கிழங்கைத் தோண்டி, நிழலில் மணலுக்குள் புதைத்து வைத்திருந்து, வைகாசியில் முளை கண்டதும் புதிய இடத்தில் நட வேண்டும். ஆகவே அவற்றுக்கு உரிய இடத்தைப் புரட்டாசியிலேயே குறித்து, காலியாக விட்டுவைக்க வேண்டும்.

மரத்தின் வேரை மதித்து இடத்தைத் தயாரித்தல்

மரத்தடி நிலத்தைச் சாதாரணப் பாத்திபோல் கொத்திப் புரட்டக் கூடாது. மரம் உணவும் நீரும் எடுக்கும் மெல்லிய வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணிலேயே பரவியிருக்கிறது. ஓர் அடி ஆழத்துக்கு நிலம் முழுவதையும் வெட்டினால் அவை மொத்தமாக அறுந்து, அடுத்த பருவத்தில் மாமரம் காய்ப்பைக் குறைத்து அதைக் காட்டிவிடும். அடிமரத்தைச் சுற்றி 2 அடி வட்டத்தை எதுவும் செய்யாமல் விட்டுவிடுங்கள். அதற்கு வெளியே, செடி நடும் இடத்தில் மட்டும் கொத்துக்கரண்டியால் குழி எடுங்கள். கட்டைவிரலைவிடப் பருமனான வேர் தட்டுப்பட்டால் அதை வெட்டாமல், குழியை நாலு விரல் தள்ளி எடுங்கள். வேருக்கு வேர் இடைவெளி பார்த்துக் குழி எடுப்பதால் செடிகள் நேர்வரிசையில் அமையாது. காட்டில் செடிகள் நிற்பதுபோல் அங்கொன்றும் இங்கொன்றுமாக அமையும். அதுவே பார்வைக்கும் நன்றாக இருக்கும்.

மண் கெட்டியாக இருக்கிறது என்று மேலே புதுமண் கொட்டி மேடாக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. இரண்டு அங்குலத்துக்கு மேல் மண் ஏற்றினால் மர வேருக்குக் காற்றோட்டம் குறையும். அடிமரத்தில் மண் அணைத்தால் பட்டை ஈரத்தில் ஊறி அழுகும். ஆகவே மண்ணை மாற்றும் வேலையைக் குழிக்குள்ளே மட்டும் செய்ய வேண்டும். குழியிலிருந்து எடுத்த மண் இரண்டு பங்கு, மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்குத் தூள் என்று கலந்து திரும்பப் போட்டால் போதும். களிமண்ணுக்கு இதோடு ஒரு பங்கு ஆற்றுமணலோ பழைய தென்னை நார்க்கழிவோ சேர்க்க வேண்டும். மணற்பாங்கான நிலத்துக்கு மணல் வேண்டாம், உரத்தின் பங்கைக் கூட்டிக்கொள்ளலாம். பச்சைச் சாணத்தை ஒருபோதும் குழியில் இடக் கூடாது.

நீர் வடிகிறதா என்பதையும் அன்றைக்கே பார்த்துவிடலாம். ஓர் அடி ஆழக் குழியில் ஒரு குடம் நீரை ஊற்றி, அது இறங்கிய பிறகு மீண்டும் ஒரு குடம் ஊற்றுங்கள். இரண்டாவது குடம் இரண்டு, மூன்று மணி நேரத்தில் இறங்கிவிட்டால் கவலையில்லை. மறுநாள் காலையிலும் நீர் நின்றால், அந்த இடம் சேம்புக்கும் வல்லாரைக்கும் உரியது. மருளையோ கற்பூரவல்லியையோ அங்கே வைத்தால் ஒரு மழைக்குத் தாங்காது.

பெயர்த்தல்

வேலையில் பாதி வெற்றி செடியைத் தோண்டி எடுக்கும் விதத்தில் இருக்கிறது. குழிகள் அனைத்தையும் முதல் நாளே எடுத்து, உரமண்ணைப் பக்கத்தில் குவித்து வைத்துவிட வேண்டும். செடியைப் பிடுங்கிய பிறகு குழி எடுக்கத் தொடங்கினால் வேர் காற்றில் காய்ந்துவிடும். முதல் நாள் மாலையில் பெயர்க்கவிருக்கும் செடிகளுக்கு நிறைய நீர் விடுங்கள். மறுநாள் மாலை 4 மணிக்கு மேல், அல்லது மேகம் மூடிய ஒரு நாளில், செடிகளை எடுங்கள். இரவு முழுவதும் குளிர்ச்சி கிடைப்பதால் மாலையில் நட்ட செடி காலையில் நட்டதைவிட எளிதாகத் தேறிக்கொள்கிறது.

பெரணியைத் தண்டைப் பிடித்து இழுக்கக் கூடாது. செடியைச் சுற்றி ஒரு சாண் தள்ளி மண்வெட்டியை நேராக இறக்கி, நான்கு பக்கமும் வெட்டிய பிறகு அடியில் நெம்பினால், வேர் முழுவதும் தாய்மண்ணோடு ஒரு கட்டியாக வந்துவிடும். அந்தக் கட்டி உதிராமல் இருக்க எங்கள் வீட்டில் கையாளும் முறை, வாழைமட்டை. பச்சை வாழைமட்டை ஒன்றைத் தரையில் மல்லாத்தி வைத்து, மண்கட்டியை அதன்மேல் தூக்கி வைத்து, இரண்டு பக்கத்தையும் மடித்து வாழைநாரால் ஒரு சுற்றுக் கட்டினால், இருபது அடி தூரம் தூக்கிக்கொண்டு போனாலும் ஒரு பிடி மண் சிந்தாது. மட்டையின் உட்புறம் ஈரமாக இருப்பதால் வேர் காய்வதும் இல்லை. குழியில் இறக்கிய பிறகு நாரை அறுத்துவிட்டு மட்டையை உருவிக்கொள்ளலாம். உருவ வராவிட்டால் அப்படியே விட்டாலும் சில மாதத்தில் மக்கிவிடும். வாழை இல்லாதவர்கள் நனைத்த சணல் சாக்கைப் பயன்படுத்தலாம்.

பெரிய பெரணிக் குத்தைக் கூரான கத்தியால் இரண்டாகவோ மூன்றாகவோ பிரிக்கலாம். ஒவ்வொரு பங்கிலும் சுருண்ட குருத்து இரண்டாவது இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்பைடர் பிளான்ட்டைத் தொட்டியைச் சாய்த்துத் தட்டி எடுத்து, தடித்த வெள்ளை வேர்களைக் கையாலேயே பிரித்துவிடலாம். எங்கள் தொட்டி ஒன்றிலிருந்து ஒன்பது செடி கிடைத்தது. மருளுக்கு மண்ணுக்குள் ஓடும் கிழங்குத் தண்டைக் கத்தியால் வெட்டிப் பிரித்து, வெட்டுவாய் உலர இரண்டு நாள் நிழலில் போட்டுவைக்க வேண்டும். மற்றச் செடிகளுக்கு ஈரம் காயக் கூடாது. மருளுக்குக் காயாமல் நடக் கூடாது. சேம்பை எடுக்கும்போது கையில் தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டால் அரிப்புத் தெரியாது. பெரிய இலைகளை எல்லாம் அறுத்துவிட்டு, நடுக்குருத்தோடு கிழங்கை மட்டும் எடுத்தால் போதும்.

வெற்றிலையும் கற்பூரவல்லியும் வேரோடு பெயர்க்கத் தேவையில்லாதவை. வெற்றிலைக்கொடியில் மூன்று, நான்கு கணு உள்ள துண்டை வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி சாய்வாக வைக்கலாம். கற்பூரவல்லியை ஒரு சாண் ஒடித்து ஊன்றினாலே பிடித்துக்கொள்ளும். தாய்ச்செடி பழைய இடத்திலேயே இருப்பதால், புதியது பட்டுப்போனாலும் இழப்பு இல்லை.

நந்தியாவட்டைபோன்ற குறுஞ்செடிக்குத்தான் முன்கூட்டிய ஏற்பாடு வேண்டும். தண்டின் விட்டம் ஓர் அங்குலம் என்றால், வேர்மண் கட்டி 10 முதல் 12 அங்குல விட்டம் இருக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. பெயர்ப்பதற்கு ஆறு வாரம் முன்னால், ஆவணி மாதத்திலேயே, அந்த வட்டத்தில் மண்வெட்டியை நேராக இறக்கி வேரை அறுத்துவிட்டுச் செடியை இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். அறுபட்ட வேர்கள் கட்டிக்குள்ளேயே புதுச் சல்லிவேர் விட்டுத் தயாராகும். பெயர்க்கும் அன்று கிளைகளில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட வேண்டும். வேர் குறைந்த செடியால் பழைய இலை முழுவதையும் காப்பாற்ற முடியாது. பூவோடு நிற்கும் செடியை வெட்ட மனம் வராதுதான். வெட்டாமல் வைத்த ஒன்று எங்கள் வீட்டில் அத்தனை இலையையும் உதிர்த்துக் குச்சியாக நின்றதைப் பார்த்த பிறகு நான் தயங்குவதில்லை.

எதை எங்கே நடுவது

எங்கள் நிலத்தின் மேற்குப் பாதியில், மாமரக் கிளைகளுக்கு நேர் கீழே, பெரணிகளையும் அக்லோனிமாவையும் வைத்தோம். பெரணிக்குப் பெரணி ஒன்றரை அடி, அக்லோனிமாவுக்கு ஓர் அடி இடைவெளி. மரத்துக்கு மிக அருகில், மழை நீரும் சரியாக இறங்காத, வேர் நிறைந்த உலர்ந்த பகுதிக்கு மருளைவிட வேறு செடி இல்லை. வைகாசி வெயில் வந்துபோகும் கிழக்கு முனையில் நந்தியாவட்டையை நட்டோம். 4 அடி வளர்ந்த பிறகு அதுவே பக்கத்துச் செடிகளுக்குக் காலை வெயிலை மறைக்கிறது. அதன் அடியில் கற்பூரவல்லி. சமையலறைக் கழிவுநீர்க் குழாய் அருகே எப்போதும் ஈரமான மூலையில் சேம்பும், அதைச் சுற்றி வல்லாரையும். நடைபாதை ஓரம் முழுவதும் முக்கால் அடிக்கு ஒன்றாக ஸ்பைடர் பிளான்ட்; மாலை மங்கிய பிறகும் அதன் வெள்ளைக் கோடிட்ட இலை பாதையைக் காட்டும். மஞ்சளுக்கு நடுவில் இரண்டு சதுர அடி விட்டுவைத்தோம்.

நடும் ஆழத்தில் தவறு நேர்வது எளிது. பழைய இடத்தில் மண் எந்த அளவுக்கு இருந்ததோ அதே அளவுதான் புதிய இடத்திலும் இருக்க வேண்டும். பெரணியும் ஸ்பைடர் பிளான்ட்டும் குருத்து மண்ணுக்குள் புதைந்தால் அழுகிவிடும். சேம்புக் கிழங்கு மூன்று அங்குலம் உள்ளே போகலாம். குழியில் செடியை வைத்துப் பாதி மண்ணைத் தள்ளியதும் அரைச் சொம்பு நீர் ஊற்றி, அது இறங்கிய பிறகு மீதி மண்ணைப் போட்டுக் கைவிரலால் அழுத்துங்கள். காலால் மிதிக்க வேண்டாம். ஈரக் களிமண் செங்கல்போல் இறுகிவிடும்.

மர வேர் மிக அடர்ந்து, குழியே எடுக்க இயலாத இடம் ஒன்று எப்படியும் இருக்கும். அங்கே மண்தொட்டியோடு செடியைப் பாதி புதைத்து வைக்கலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொட்டியைத் தூக்கிச் சற்றுத் திருப்பி வைக்காவிட்டால், மர வேர் தொட்டியின் அடித்துளை வழியாக உள்ளே ஏறிவிடும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

நட்டு முடித்ததும் மூடாக்கு. நாம் கூட்டி எரிக்கும் மாஞ்சருகே இதற்குப் போதுமானது. முழு மாவிலை தடித்து வழுவழுப்பாக இருப்பதால் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு மழைநீரை வழித்து விட்டுவிடும்; ஆகவே கையால் நொறுக்கியோ அரிவாளால் கொத்தியோ இரண்டு அங்குலக் கனத்துக்குப் பரப்புங்கள். செடியின் தண்டையும் வீட்டுச் சுவரையும் தொடாமல் அரை அடி விலக்கி இடுவது கரையானுக்காக.

முதல் நாற்பது நாள்

முதல் வாரம் தினமும் காலையில் பூவாளியால் நீர். இரண்டாவது, மூன்றாவது வாரம் ஒன்றுவிட்டு ஒருநாள். அதன் பிறகு மழை தொடங்கிவிட்டால் நீர் விட வேண்டியதே இல்லை. நிழலில் மண் மெதுவாகக் காய்வதால், இங்கே தாகத்தால் சாகும் செடியைவிட நீர் மிகுந்து சாகும் செடிதான் அதிகம். விரலை இரண்டு கணு வரை மண்ணில் விட்டுப் பாருங்கள். குளிர்ச்சி தட்டினால் அன்றைக்கு நீர் வேண்டாம்.

வெயிலிலிருந்து வந்த செடி பழைய இலைகளில் பலவற்றை உதிர்க்கும். ஐந்தாறு நாளில் ஸ்பைடர் பிளான்ட் மஞ்சளாகிப் படுக்கும், அக்லோனிமா கீழ் இலைகளைத் தொங்கவிடும். இதைக் கண்டு உரம் போடவோ மீண்டும் இடம் மாற்றவோ கூடாது. வெயிலில் உருவான தடித்த சிறிய இலையைக் கைவிட்டு, நிழலுக்கு ஏற்ற அகன்ற மெல்லிய இலையைச் செடி உருவாக்கிக்கொள்ளும் காலம் இது. நடுக்குருத்து பச்சையாக இருக்கும் வரை நம்பிக்கை இழக்க வேண்டாம். எங்கள் பெரணிகளில் முதல் சுருள்குருத்து நட்ட இருபத்து மூன்றாம் நாள் தலைகாட்டியது. பழுப்பு நிறப் பஞ்சு படர்ந்த, சுண்டுவிரல் நகத்தளவு சுருள். மறுநாள் ஓர் அங்குலம் எழுந்திருந்தது. துளிர் கண்டு இரண்டு வாரம் கழித்து, செடிக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம் இட்டால் போதும்.

மழையும் பனியும் கோடையும்

ஐப்பசி, கார்த்திகையில் நத்தைகளே முதல் தொல்லை. இரவு எட்டு மணிக்கு மேல் டார்ச் விளக்கோடு போய், கையுறை அணிந்து பொறுக்கி, உப்புநீர் வாளியில் போட்டுவிடலாம். செடியருகே மண்ணில் உப்பைத் தூவக் கூடாது. சருகுக்குள் பூரானும் தேளும் இருக்கலாம் என்பதால் வெறுங்கையை விட்டுக் கிளற வேண்டாம். பாம்புக்கு அஞ்சுபவர்கள் சேம்பு, நந்தியாவட்டை ஆகியவற்றின் அடியிலைகளைக் கழித்து, தரையிலிருந்து ஒரு சாண் உயரம் பார்வைக்குத் தெரியும்படி வைத்துக்கொள்ளலாம்.

தை, மாசியில் மாமரம் பூக்கும்போது வேறொரு சிக்கல் வரும். பூங்கொத்தில் இருக்கும் தத்துப்பூச்சிகள் கழிக்கும் இனிப்பு நீர் கீழே இருக்கும் இலைகளின்மேல் சொட்டிப் பிசுபிசுக்கும். சில நாளில் அதன்மேல் கரிபூசினாற்போல் பூஞ்சை படியும். அக்லோனிமாவின் அகன்ற இலையில் இது நன்றாகத் தெரியும். நோய் என்று மருந்து அடிக்க வேண்டியதில்லை. ஈரத்துணியால் இலையைத் துடைத்து, வாரம் ஒருமுறை குழாய்நீரைத் தூவலாகப் பீய்ச்சிக் கழுவினால் போய்விடும்.

முதல் சித்திரைதான் சோதனை. பங்குனிக் கடைசியிலேயே கிழக்குப் பாதிக்கு இரண்டு மூங்கில் நட்டு, தென்னங்கீற்று ஒன்றைச் சாய்வாகக் கட்டிவிடுங்கள். ஆடி பிறந்து வெயில் தணிந்ததும் அவிழ்த்துவிடலாம். மூடாக்கை மூன்று அங்குலமாக ஏற்றி, காலையில் வேருக்கு நீரும் மாலையில் இலைக்கு ஒரு தெளிப்பும் கொடுங்கள். இலை ஓரம் பழுப்பாகும் செடி எது என்று குறித்துவைத்து, அதை மட்டும் அடுத்த புரட்டாசியில் இரண்டடி மேற்கே, மரத்தை நோக்கி நகர்த்துங்கள். நாங்கள் இப்படி இரண்டு பெரணியையும் ஓர் அக்லோனிமாவையும் நகர்த்தினோம். அவை இருந்த இடத்தில் மருள் போயிற்று. இரண்டாம் ஆண்டு முடிவில் ஸ்பைடர் பிளான்ட் ஒன்றையொன்று நெருக்கத் தொடங்கும்போது, ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிடுங்கிப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிடலாம். வாழைமட்டையில் கட்டியே கொடுத்தனுப்புங்கள், தாய்மண் சிந்தாது.